பட்டறைப் பதில்கள்: தடுப்பை மாட்டுவதும் திறப்பதும்

பங்குனி, சித்திரை என்று திருவிழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரும்புத் தடுப்பைப் பற்றித்தான். தடுப்பு செய்து வாடகைக்கு விடும் பட்டறைக்காரன் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வேறு விஷயம் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவுக்கு வருடா வருடம் இரும்புத் தடுப்பு வாடகைக்கு எடுக்கிறோம். போன வருடம் கூட்டம் நெருக்கியபோது நடுவில் இரண்டு தடுப்பு மட்டும் கழன்று ஆட்கள் மேல் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, பெரிய காயம் இல்லை. எப்படி மாட்டினால் கழலாது ஐயா?
— விழாக் குழு உறுப்பினர், தேனி மாவட்டம்

நடுவில் மட்டும் கழன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஊகத்தைச் சொல்கிறேன். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு குழுவாகப் பையன்கள் மாட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்திருப்பார்கள். வாடகைத் தடுப்பில் ஒரு பக்கம் இரண்டு கொக்கி, மறுபக்கம் இரண்டு வளையம் இருக்கும். இரு முனையிலிருந்தும் வந்தால் நடுவில் கொக்கியும் கொக்கியும் எதிரெதிரே நிற்கும், அல்லது வளையமும் வளையமும். மாட்ட வழியில்லாமல் சணலைப் போட்டுக் கட்டிவிடுவார்கள். நெருக்கும்போது முதலில் விடுவது அந்தச் சணல்தான். அதனால் ஒரு முனையில் தொடங்கி ஒரே திசையில் மாட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். லாரியிலிருந்து இறக்கும்போதே எல்லாவற்றின் கொக்கியும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி வைத்தால் வேலையும் சீக்கிரம் முடியும்.

அடுத்தது தரை. கிராமத்துத் தெரு வாய்க்கால் பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் அந்தரத்தில் நின்றால் மேல் கொக்கி உட்கார்ந்திருக்கும், கீழ்க் கொக்கி பாதிதான் இறங்கியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மாட்டி முடித்தபின் ஒருவர் வரிசை நெடுகப் போய் ஒவ்வொரு இணைப்பையும் கையால் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கொக்கியும் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் காலுக்கு அடியில் பலகைத் துண்டு வையுங்கள். செங்கல் வேண்டாம், உடைந்து நழுவும்.

கொக்கி உட்கார்ந்த பிறகு கீழ் இணைப்பில் கட்டுக்கம்பியை இரட்டையாக மூன்று சுற்றுச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி, நுனியை உள்பக்கம் மடக்கிவிடுங்கள். எதற்கு என்றால், இந்தத் தடுப்பு தள்ளுவதால் கழல்வதைவிடத் தூக்குவதால்தான் அதிகம் கழலும். குழந்தைகள் கீழ்க்கம்பியில் ஏறி ஆடுவார்கள். யாராவது குறுக்கே போக லேசாகத் தூக்கி நகர்த்துவார்கள். கீழே கட்டிவிட்டால் தூக்க முடியாது. இரண்டு வேறு பட்டறைச் சரக்கைக் கலந்து வாங்கினால் கொக்கி உயரம் ஒத்துப்போகாது. ஒரே இடத்தில் எடுப்பதே நல்லது. முடியாவிட்டால் கலப்புச் சேரும் இடத்தை ஆள் நெருங்காத பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நன்றாக மாட்டிவிட்டால் தடுப்பு நன்றாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு சின்னக் கணக்கு. தடுப்பின் எடை 20 கிலோ, காலின் மொத்த அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் சுமார் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் கம்பியில் 6 கிலோ அளவுக்குத் தள்ளினாலே அது சாய ஆரம்பிக்கும். ஒரு பெரியவர் சும்மா சாய்ந்து நின்றாலே அவ்வளவு வந்துவிடும். பக்கத்தில் இரண்டு தடுப்பு மாட்டியிருந்தால் அவையும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும், 18 கிலோ வரை தாங்கும். ஒரே இடத்தில் ஒருவர் தள்ளும்போது இது சரி. வரிசை நெடுக ஆட்கள் நின்று தள்ளினால் பக்கத்துத் தடுப்புக்கும் அதன் சுமை இருக்கிறதே, அது எப்படி உங்களுக்கு உதவும்? மொத்த வரிசையும் ஒன்றாகச் சாயும். நேர்க்கோட்டில் எத்தனை மாட்டினாலும் இதுதான் நிலைமை.

அதற்கு வழி, ஐந்தாறு தடுப்புக்கு ஒருமுறை ஒன்றை ‘ட’ எழுத்துப் போலக் கூட்டம் இல்லாத பக்கமாகத் திருப்பி மாட்டுவது. கொக்கி வளையத்துக்குள் திரும்பும், அதனால் இது எளிது. வெளியே நீட்டிய தடுப்பு முட்டுக் கொடுத்த மாதிரி வேலை செய்யும். செலவு இல்லை, கூடுதலாகச் சில தடுப்புகள்தான்.

மணல் மூட்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் கூட்டம் இல்லாத வெளிப்பக்கக் காலில்தான் போடுகிறார்கள். பார்வைக்கு அது சரி என்று தோன்றும். தடுப்பு சாயும்போது வெளிப்பக்கக் கால் நுனிதான் தரையில் ஊன்றி நிற்கும், உள்பக்கக் கால் எழும். எழுகிற காலில்தான் பாரம் வேண்டும். மேலே சொன்ன அதே தடுப்பில் 40 கிலோ மூட்டையை வெளிக்காலில் வைத்தால் 10 கிலோ தள்ளு வரை தாங்கும். உள்காலில் வைத்தால் 26 கிலோ வரை தாங்கும். மூட்டை அதே மூட்டைதான். உள்பக்கம் வைத்தால் ஆள் தடுக்கி விழுவார்களே என்று கேட்பீர்கள். நியாயம்தான். மூட்டையை நீளவாக்கில் தடுப்போடு ஒட்டிப் படுக்க வையுங்கள், மேலே பளிச்சென்ற துணி சுற்றுங்கள். பெண்களும் முதியவர்களும் நெருக்கமாகப் போகிற வழி என்றால் மூட்டையே வேண்டாம், வெளிப்பக்கம் குறுக்காக இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்து, அடியில் கடப்பாரையோ முளையோ அடித்துக்கொள்ளுங்கள். மண்தரைக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

உங்கள் விழாவில் தடுப்புக்கு அப்பால் இருப்பது நெருப்பு. அதனால் ஒற்றை வரிசையை நம்பாதீர்கள். பூக்குழி ஓரத்தில் ஒரு வரிசை, அதிலிருந்து ஆறேழு அடி தள்ளி இன்னொரு வரிசை போடுங்கள். நடுவில் தொண்டர்களும் தண்ணீர் வாளியும் மட்டும். கூட்டத்தின் பக்கமுள்ள வரிசை சாய்ந்தாலும் ஆள் விழுவது வெறும் தரையில்தான்.

கட்டுக்கம்பி, சங்கிலி எல்லாம் போட்டு இறுக்கினால் அவசரத்துக்கு எப்படித் திறப்பது? கரூர் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் எல்லோரும் இதையே கேட்கிறார்கள்.
— ஒரு மன்ற நிர்வாகி, ஈரோடு

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கன் வாங்கக் காத்திருந்தவர்களில் 6 பேர். இந்தக் கேள்வியை விழாவுக்கு முன்பே கேட்கிற நிர்வாகியைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது.

கூட்டம் நெருங்கி நிற்கும்போது கொக்கித் தடுப்பைத் திறக்கவே முடியாது. திறப்பதற்கு அதைத் தூக்க வேண்டும். உள்ளிருந்து ஆட்கள் அழுத்திக்கொண்டிருந்தால் கொக்கி வளையத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேர் சேர்ந்தாலும் அசையாது. ஆகவே வழிக்கென்று ஒதுக்கும் தடுப்பில் கொக்கியே இருக்கக் கூடாது. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் மேலிருந்து சொருகும் இரும்புப் பின், பின்னின் தலையில் கை நுழையும் அளவு வளையம். எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள். பின் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். இறுக்கமாகச் செய்தால் அழுத்தம் வரும்போது அதுவும் மாட்டிக்கொள்ளும்.

கதவு கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வெளியே திறக்க வேண்டும். உள்ளே திறக்கிற கதவை ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போது யாராலும் திறக்க முடியாது. அது எந்தத் திசையில் கொண்டுவிடுகிறது என்பதும் முக்கியம். சாமியையோ மேடையையோ நோக்கித் திறந்தால் அடைபட்டவர்கள் முன்னால் பாய்வார்கள், பின்னால் இருப்பவர்களும் அதையே வழி என்று நினைத்து வருவார்கள். திருப்பதியில் கதவு திறந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் பாய்ந்ததாகத்தான் செய்தி வந்தது. அவசர வழி பக்கவாட்டில், காலி இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எத்தனை வழி வேண்டும்? சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் வெளியேறலாம் என்று மைதானங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2 மீட்டர் கதவு ஒன்றில் நிமிடத்துக்கு 160 பேர். அடைப்புக்குள் 1,000 பேர் என்றால் ஒரே கதவில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும், மூன்று கதவில் இரண்டு நிமிடம். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு ஆள், விழா முடியும்வரை அங்கேயே. அவர் கையில் வேறு வேலை கொடுக்காதீர்கள், செல்போனில் படம் எடுக்கவும் விடாதீர்கள். கதவுக்கு வெளியே பைக் நிறுத்தாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு.

எப்போது திறப்பது என்பதற்கும் ஒரு அளவு சொல்கிறேன். பத்துக்குப் பத்தடி இடத்தைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அதற்குள் நாற்பது பேருக்குள் இருந்தால் நகரலாம். அறுபதை நெருங்கிவிட்டால் தனித்தனி ஆளாக நகர முடியாது, கூட்டம் அலையாக அசையும். அந்த நிலையில் இரும்புக் கம்பியே வளையும். மனிதர்கள் இறப்பது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, நின்ற நிலையிலேயே நெஞ்சு நெரிந்து மூச்சுவிட முடியாமல். அதனால் ஐம்பது எட்டும்போதே உள்ளே விடுவதை நிறுத்தி, பக்கவாட்டைத் திறந்துவிட வேண்டும். தடுப்பு சாயத் தொடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

உறுதியான வேலியே ஆளைக் கொன்ற இடமும் உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில், ரசிகர்கள் உள்ளே ஓடிவரக் கூடாது என்று போட்ட கம்பி வேலிக்குள் நெரிந்து 97 பேர் இறந்தார்கள். வேலியிலிருந்த குறுகிய கதவுகள் அத்தனை பேரை வெளியேற்றப் போதவில்லை. அதற்குப் பிறகு அந்நாட்டுப் பெரிய மைதானங்களில் அந்த வேலிகளை எடுத்தார்கள். ஆகவே சங்கிலி போட்டுப் பூட்டுவதாக இருந்தால் என்னிடம் தடுப்பு வாங்காதீர்கள் என்றே நான் வாடகைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

இரும்பு எதற்கு, சவுக்குக் கட்டையும் கயிறும் போதும் என்கிறார் எங்கள் பந்தல்காரர். அவர் சொல்வது சரியா?
— ஆசிரியர் (ஓய்வு), சிவகங்கை மாவட்டம்

மண்தரை என்றால் சரி. இரும்பு விற்கிறவனே சொல்கிறேன், குழி தோண்டி ஊன்றிய சவுக்குக் கட்டை அளவுக்குத் தரைமேல் நிற்கும் எந்த இரும்புத் தடுப்பும் தாங்காது. பத்தடிக் கட்டை என்றால் இரண்டரை அடி முதல் மூன்றடி வரை மண்ணுக்குள் போக வேண்டும். மண்ணைப் போட்டுக் கடப்பாரையால் அடுக்கடுக்காகக் குத்தி இறுக்க வேண்டும். சிமென்ட் சாலையிலும் தார்ச்சாலையிலும் ஊன்ற வழியில்லை, அங்கே இரும்புதான்.

கட்டைக்கும் குறுக்குக் கட்டைக்கும் போடும் கட்டில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு சுற்றுச் சுற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. அந்தச் சுற்றுகளையே இரண்டு கட்டைக்கும் நடுவே கயிற்றை விட்டு இரண்டு மூன்று முறை இழுத்து இறுக்க வேண்டும். இந்தக் கடைசி இறுக்குதான் கட்டு நெகிழாமல் பிடிக்கும். தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பாக இருப்பதால் மரத்தைப் பிடிக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் கயிறு மலிவு, ஆனால் வழுக்கும். ஆட்டம் கொடுத்தால் முடிச்சு தானாக இளகும். குறுக்குக் கட்டை எப்போதும் கூட்டம் நிற்கும் பக்கத்தில் வர வேண்டும். அப்போது ஆட்கள் தள்ளும்போது அது ஊன்றிய கட்டையிலேயே போய் அழுந்தும். வெளிப்பக்கம் கட்டினால் முழுப் பாரத்தையும் கயிறு தாங்க வேண்டிவரும்.

உங்கள் மாவட்டத்தில் மஞ்சுவிரட்டு பார்த்திருப்பீர்கள். அங்கெல்லாம் இரட்டைத் தடுப்பு கேட்பதன் காரணம் இதுதான்: உள்வரிசை மாட்டின் மோதலைத் தாங்குகிறது, வெளிவரிசை மனிதர்களின் சாய்வைத் தாங்குகிறது. இரண்டையும் ஒரே கட்டையில் ஏற்றக் கூடாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். போன வருடக் கட்டையையே திரும்பக் கொண்டுவருவார்கள். மண்ணுக்குள் இருந்த பகுதியைக் கத்தியால் குத்திப் பாருங்கள். பொசுக்கென்று இறங்கினால் கரையான் வேலை முடிந்துவிட்டது, அதைத் தள்ளிவிடுங்கள்.

பிளாஸ்டிக் கேபிள் டை போட்டுத் தடுப்புகளை இணைக்கலாமா?
— மண்டப மேலாளர், கும்பகோணம்

கொக்கிக்குப் பதிலாக வேண்டாம். கொக்கி மாட்டிய பிறகு தூக்காமல் இருக்கப் போடலாம். கடையில் கேட்டால் மெலிதாக ஒன்று தருவார்கள். 4.8 மில்லிமீட்டர் அகலம் என்றால் சுமார் 22 கிலோ இழுவைதான் தாங்கும், 7.6 மில்லிமீட்டர் 54 கிலோ வரை. அகலமானதையே கேளுங்கள். கறுப்பு நிறம் வெயில் தாங்கும், வெள்ளை சில மாதத்தில் நொறுங்கும். வெட்டிய நுனி பிளேடு மாதிரி சேலையையும் கையையும் கிழிக்கும், அதனால் அடியோடு ஒட்ட வெட்டுங்கள்.

புது வீடு கட்டுகிற மனையைச் சுற்றித் தகரம் அடித்த இரும்புச் சட்டங்களை நிறுத்தி வேலி போட்டோம். காற்றுக்கு இரண்டு முறை விழுந்துவிட்டது. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, சென்னை

நீங்கள் பயப்படுவது சரிதான் அம்மா. எட்டடிக்கு ஆறடிச் சட்டத்தில் முழுத் தகரம் என்றால் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் சுமார் 50 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு, 200 கிலோ. புயல் நாளில் அது வந்துவிடும். சிமென்ட் கட்டையில் சொருகி நிறுத்துவது வெறும் கம்பி வலைக்கான முறை. தகரமோ பச்சை வலையோ பேனரோ கட்டிவிட்டால் அது பாய்மரம்தான்.

ஒவ்வொரு இணைப்பிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கிளாம்ப் இருக்கிறதா பாருங்கள். ஒற்றைக் கிளாம்ப் என்றால் சட்டம் அதையே அச்சாக வைத்துத் திருகும். நட்டு மனைக்கு உள்பக்கம் இருக்கட்டும், தெருவிலிருந்து யாரும் கழற்ற முடியாது. ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும், கைமுறுக்கு போதாது. அதோடு, ஒன்று விட்டு ஒரு சட்டத்துக்கு மனைக்குள்ளிருந்து சாய்வாக முட்டுக் கொடுத்து, முட்டின் அடியைத் தரையில் கம்பி அடித்துப் பிடிக்க வைக்க வேண்டும். அஸ்திவாரக் குழி ஓரத்தில் முட்டுக் கம்பியை ஊன்றாதீர்கள், மண் சரியும். பள்ளிப் பக்கம் மட்டுமாவது தூண் ஊன்றிக் கான்கிரீட் போட்டுவிடும்படி மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தகரத்தை முந்தின நாளே கழற்றி அடுக்கிப் பாரம் ஏற்றிவிட வேண்டும்.

தடுப்பு மேலேயே சீரியல் லைட் சுற்றலாமா? பார்க்க அழகாக இருக்கும்.
— இளைஞர் குழு, புதுக்கோட்டை

வேண்டாம் தம்பிகளே. இரும்பை இரும்போடு நன்றாக மாட்டினால் மின்சாரமும் நன்றாக ஓடும். ஒரு முனையில் வயர் தோல் உரிந்து பட்டால் நூறடி தள்ளி ஈரக்காலோடு கம்பியைப் பிடித்து நிற்கிற குழந்தைக்கு ஷாக் அடிக்கும். விளக்கைத் தனியாக மூங்கில் ஊன்றிக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். ஜெனரேட்டரோ மின் இணைப்போ எதுவானாலும் மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைக்கச் சொல்லுங்கள், எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும். தடுப்பு வரிசைக்கு எர்த் கம்பி கொடுக்கவும் அவரிடமே சொல்லுங்கள். தடுப்பை மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேர் வரும் தெருவில் மேலே கம்பி எங்கெங்கே போகிறது என்று பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

விழா முடிந்ததும் தடுப்பை உடனே எடுக்க ஆள் கிடைப்பதில்லை. காலைவரை சாலையோரம் விட்டால் தப்பா?
— ஊராட்சி உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

தப்புதான். கறுப்புச் சாலையில் பெயின்ட் உதிர்ந்த தடுப்பு, இரவு இரண்டு மணிக்கு வருகிற பைக்காரர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கழற்றும்போது கதவுத் தடுப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள், அறுந்த கட்டுக்கம்பித் துண்டுகளை ஒரு சாக்கில் போடுங்கள், டயரிலும் வெறுங்காலிலும் ஏறும். தடுப்புகளைச் சாலையை விட்டுத் தள்ளிக் கோயில் சுவரோரம் படுக்கை வசமாக அடுக்குங்கள், நிறுத்தி வைத்தால் குழந்தைகள் மேல் சரியும். கட்டாயம் சாலையில் விடத்தான் வேண்டும் என்றால் இரண்டு முனையிலும் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு விளக்கு எரியவிட்டு, ஒரு ஆளைக் காவலுக்கு வையுங்கள். அந்த ஆளுக்கு ஒரு இரவுச் சம்பளம் ஆகும். விழாக் கணக்கிலேயே அதை முன்கூட்டி எழுதிவிடுங்கள்.